குடும்பம் உறுதி

படத்தைப் போட்டாகிவிட்டது. இனி எடுக்க முடியாது என்றில்லை, ஓரத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டால் அழிக்கும் வழி வரும், அதுகூட எனக்குத் தெரியும், ஆனால் எடுக்கமாட்டேன், எடுத்தால் நான் ஆவுடை இல்லை. இப்போதும் நான் ஆவுடை இல்லைதான், சியாமளா, கொடைக்கானல், அப்படித்தான் பதிந்திருக்கிறேன். முன்னறையில் பிரம்பு நாற்காலி முனகுகிறது, காலை மாற்றிப் போட்டிருப்பார், மடியில் கைபேசி, மூக்கு நுனியில் கண்ணாடி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அடுப்படியில் நான், நடுவில் கொடைக்கானல். சிரிப்பு வருகிறது, சிரித்தால் கேட்டுவிடும், மஞ்சள் கிழங்கைச் சுரண்டுகிற சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன். பொங்கலுக்குப் பானையில் கட்டிய மஞ்சள் குலை, தழை வாடிவிட்டது, கிழங்கு இன்னும் ஈரம், தோலைச் சீவி வில்லை வில்லையாக நறுக்கிக் காயப்போட்டால் வருஷம் முழுக்க முகத்துக்கு ஆகும். அந்த முகத்தை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். இந்தப் பாளையங்கோட்டையில் என் முகத்தைப் பார்க்கப் பால்காரர் இருக்கிறார், எதிர்வீட்டு அக்கா இருக்கிறாள். இவருக்கு ஈ இருக்கிறது. வேளாண்மைத் துறையில் காலமெல்லாம் பூச்சியோடு பிழைத்து ஓய்வுபெற்றார், ஓய்வு என்பது பேருக்குத்தான், ‘இரு சிறகு’ என்று கைபேசிக்குள் ஒரு குழு, ஈக்குச் சிறகு இரண்டுதானாம், மற்றப் பூச்சிகளுக்கு நான்காம், அதனால் அந்தப் பெயர். ஊர் ஊராக ஆட்கள் ஈயைப் படம் பிடித்து அதில் போடுவார்கள், இவர் பார்த்து இன்ன ஈ என்று சொல்வார், படிக்க யாருக்கும் தடையில்லை, படம் போடத்தான் பெயர் பதிய வேண்டும். அதிலும் சின்ன மஞ்சள் ஈ என்றால் இவர்தான். சின்ன மஞ்சள் ஈ என்பது ஒரு ஈ இல்லை, ஒரு ஊர் ஜனம் அளவுக்கு இருக்கிறது, எல்லாம் எள்ளளவு, மஞ்சளா வெளுப்பா என்று சொல்ல முடியாத நிறம், படத்தில் ஒன்றுபோலவே இருக்கும், மற்றவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள். தளவாய் சார் வரட்டும் என்று காத்துக்கிடப்பார்கள். தளவாய் சார் என் வீட்டுக்காரர். அதை அந்தக் குழுவில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

சாருலதாவும் அப்படிக் காத்துக்கிடந்தவள்தான். மழை தொடங்கின சமயத்தில் வந்தாள், ஊர் குன்னூர், முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஏதோ நீலப் பூ. முகத்தைக் காட்டாதவளை என்ன சொல்லி நான் மனசுக்குள் திட்டுவது, பூவையா திட்டுவது? இது என்ன ஈ என்று கேட்டாள், இவர் சொன்னார், அதோடு போயிருக்கலாம். மறுநாள் இன்னொரு ஈ. அப்புறம் இன்னொன்று. குன்னூரில் வேறு பூச்சியே கிடையாதா, வண்ணத்துப்பூச்சி பறக்காதா, ஏன் மஞ்சள் ஈயாகத் தேடித் தேடிப் பிடிக்கிறாள்? மஞ்சள் ஈக்குத்தான் இவர் வருவார், அதனால். இது புரிய எனக்கு நுண்ணோக்கி வேண்டாம். ஒரு நாள் அவள் படத்துக்குக் கீழே இவர் எழுதினார், இவ்வளவு பக்கத்தில் போயும் ஈ பறக்கவில்லை, நிதானமான கை, என்று. நிதானமான கை. நான் அதைப் படித்துக்கொண்டு நின்றேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்து வாடை முன்னறைவரை போய், இவர் எழுந்து வந்து எட்டிப்பார்த்து, உனக்கு எதிலயும் கவனமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்குக் கவனம் இல்லை? அன்றிலிருந்து நான் அவள் படங்களைக் கவனித்த மாதிரி கல்லூரியில் எவரும் புத்தகத்தைக் கவனித்திருக்கமாட்டார்கள். இவர் ஈயைப் பார்ப்பார், நான் ஈக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பேன். ஈ உட்கார்ந்திருந்த விரலைப் பார்த்தேன், ஒட்ட வெட்டிய நகம், ரோஜா நிறத்தில் லேசாகப் பூச்சு, வேலை செய்த விரல் இல்லை அது. மோதிரம் இல்லை. ஒரு படத்தில் பச்சைக் கம்பளிச் சட்டையின் கைநுனி வந்தது, இன்னொன்றில் தங்கக் கரை போட்ட தேநீர்க் கோப்பை, ஒரே ஒரு கோப்பை. எத்தனை படம் போட்டாள், ஒன்றிலாவது பின்னால் ஒரு ஆண்பிள்ளைக் கண்ணாடியோ கைலியோ சவரக் கத்தியோ வந்ததா? வரவில்லை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பெண்பிள்ளைத் துணி. அப்படியானால் தனியாள், நாற்பதுக்குள், நல்ல நிறம், பனி மூட்டத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தளவாய் சார் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பவள். விரலை வைத்து அவளுக்கு ஜாதகமே எழுதிவிட்டேன். படத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க இவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு.

பொறாமைதான். பெயர் வைத்துச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பள்ளிக்கூடத்தில் சியாமளா என்று ஒருத்தி இருந்தாள், ஆண்டு விழாவில் அவள்தான் எப்போதும் நடுவில் ஆடுவாள், நான் ஓரத்தில் மரமாக நிற்பேன், மரத்துக்கு வசனமும் கிடையாது ஆட்டமும் கிடையாது, பச்சைத் தாளைக் கையில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நேற்றைக்குப் பொய்க் கணக்கு ஒன்று தொடங்கலாம் என்று உட்கார்ந்தபோது பெயர் கேட்டது, என் விரல் தானாகச் சியாமளா என்று அடித்தது, இத்தனை வருஷம் கழித்தும் அவள்தான் நடுவில் வந்து நிற்கிறாள் பாருங்கள். கல்யாணமான புதிதில் குற்றாலம் போனோம். சாரலில் நனைந்து நான் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன், மாம்பழக் கலர்ச் சேலை, எனக்கே என்னைப் பிடித்திருந்தது அன்றைக்கு, இவர் தூரத்தில் நின்று என்னையே பார்த்தார், அசையாத அசையாத என்று கையைக் காட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார், கேமராவை முகத்துக்கு நேரே தூக்கினார். எனக்கு மூச்சே நின்றுபோனது. படம் கழுவி வந்தபோது பார்த்தால், என் தோளில் ஒரு ஈ. அதன் கால் மயிர்கூட ஒன்றொன்றாகத் தெரிகிறது. பின்னால் மாம்பழ நிறத்தில் ஒரு மசங்கல், அதுதான் நான். அந்தப் படத்தை இவர் கண்ணாடி போட்டு மாட்டினார், வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஈயின் பெயரைச் சொல்வார். பலாக்காய் நறுக்கும்போது அரிவாள்மணையில் இடது ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்ட கதையும் அப்படித்தான். நகத்தோடு பிளந்து ரத்தம் கொட்டுகிறது, தன் கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினார், டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் அந்த விரலைத் தன் கைக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தார், சரி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தத்துக்கு ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, உடனே குனிந்து அதைப் பார்த்தார். தையல் போட்ட நர்ஸ் சிரித்தாள். அவள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

திரை வெளிச்சம் போட்டது, எண்ணெய் நிறுவனம் ஏதோ ஆடித் தள்ளுபடி மாதிரித் தைத் தள்ளுபடி என்று செய்தி அனுப்பியிருக்கிறது. இவர் இன்னும் பார்க்கவில்லை. பார்த்திருப்பார், பதில் போடவில்லை. மஞ்சள் ஈக்கு இவர் உடனே பதில் போடமாட்டார், முதலில் பெரிதாக்குவார், தலைக்குப் பின்னால் இரண்டு மயிர் இருக்கும், அதைத் தேடுவார். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தால் ஒரு குடும்பம், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருந்தால் வேறு குடும்பம். இதை நான் படித்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இவரைப் போய்ப் பார்த்தேன், கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பி மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். ஈக்குக்கூடக் குடும்பம் என்றுதான் சொல்கிறார்கள், முதலில் குடும்பம், அப்புறம் பேரினம், கடைசியில் இனம், இனம்தான் அதன் சொந்தப் பெயர், ஆனால் படத்தை வைத்து அதுவரை போக முடியாதாம், ஆண் ஈயைப் பிடித்து வாலைப் பிரித்துப் பார்த்தால்தான் ஆச்சாம். அதனால் எல்லாருக்கும் ஒரு முத்திரை வைத்திருக்கிறார், குடும்பத்தின் பெயரை எழுதி, குடும்பம் உறுதி, அதற்கு மேல் படத்தில் தெரியாது, என்று முடிப்பார். அது தெரியாதென்று சொல்வதில் அவருக்கு ஒரு கர்வம்கூட. என்னையும் இவர் அவ்வளவுதான் கண்டுபிடித்திருக்கிறார் என்று தோன்றும். வீட்டுக்காரி, புனேயில் இருக்கிற பையனுக்கு அம்மா, காபியில் சீனி கூடப் போடுகிறவள். குடும்பம் உறுதி. அதற்கு மேல் முயற்சி செய்யவில்லை, வால் வரைக்கும் போகவில்லை, போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சாருலதாவின் ஈக்கு மட்டும் இனம் வரைக்கும் போய்ப் பார்க்கிறார், இன்னும் இரண்டு கோணத்தில் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். என்னிடம் எந்தக் கோணமும் கேட்டதில்லை.

தங்கை செண்பகம் நேற்று மதுரையிலிருந்து கூப்பிட்டாள். மகளுக்கு மாசியில் பிரசவம், அக்கா நீ வந்து ஒரு மூன்று மாசம் இருந்து கொடு, எனக்கு ஒத்தையில் பயமா இருக்கு என்றாள். நாளை மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்று வைத்தேன். இவரிடம் போய்ச் சொன்னேன், மூன்று மாசம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். உன் இஷ்டம் என்றார். தலை நிமிரவில்லை. திரையில் குன்னூர் ஈ. இவர் போகாதே என்று சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, சாப்பாட்டுக்கு என்ன செய்ய என்றாவது கேட்டிருக்கலாம், அதிலாவது ஒரு சோற்று மணம் இருந்திருக்கும். உன் இஷ்டம். அந்த எரிச்சலில்தான் சியாமளா பிறந்தாள். காலையில் மஞ்சள் சீவும்போது பொங்கல் வாழைத்தார் பக்கமிருந்து ஒரு சின்ன ஈ வந்து என் ஈர விரலில் உட்கார்ந்தது, மஞ்சள் ஈ, இவருடைய சாதி, அசையவே இல்லை, வலது கையால் கைபேசியை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனேன், இன்னும் பக்கத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு. என் கை நிதானமாகத்தான் இருந்தது. பாருங்கள், பறக்கவில்லை. அப்புறம் சாருலதா செய்கிற தவறு ஒன்றையும் நான் செய்யவில்லை, வளையல் தெரிந்தது, வெட்டினேன், எவர்சில்வர் தாம்பாளத்தின் விளிம்பு தெரிந்தது, அதில் என் மாமியார் பெயர் வெட்டியிருக்கும், அதையும் வெட்டினேன். ஈ, கொஞ்சம் விரல், வேறு ஒன்றும் இல்லை. போட்டேன். இவர் சியாமளாவுக்கும் நிதானமான கை என்று எழுதினால் சாருலதா ஒன்றும் விசேஷம் இல்லை, வருகிறவர்களுக்கெல்லாம் விளம்புகிற சுண்டல்தான் அது என்று ஆகிவிடும், அதுதான் நான் போட்ட கணக்கு. போட்ட பிறகுதான் உறைக்கிறது. எழுதினால் ஊரிலுள்ள பெண்பிள்ளைகளுக்கெல்லாம் எழுதுகிறவர், எனக்கு மட்டும் எழுதாதவர். எழுதாவிட்டால் அவளுக்கு மட்டும் எழுதுகிறவர். எப்படிப் பார்த்தாலும் மதுரை பஸ்தான். அப்படியானால் எதற்காகப் போட்டேன்? தெரியவில்லை, ஆனால் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைபோலக் கைபேசியைப் பார்த்துப் பார்த்துக் கிழங்கைச் சீவுகிறேன்.

வந்துவிட்டது. தளவாய் பதிலளித்திருக்கிறார் என்று திரை சொல்கிறது, மஞ்சள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திறந்தால், பதில் இல்லை, கேள்வி. எங்கே எடுத்தது? கொடைக்கானலிலா? எதன்மேல் உட்கார்ந்திருந்தது? அவ்வளவுதான். அம்மா இல்லை, சகோதரி இல்லை, வணக்கம் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் அம்மா போடுவார், சின்னப் பெண்ணாக இருந்தாலும் அம்மாதான். சாருலதாவுக்கும் முதலில் அம்மா போட்டார், போகப்போகக் குறைந்து நின்றுவிட்டது, அது நின்ற நாளை நான் கவனித்து வைத்திருக்கிறேன். அவளுக்காவது ஒரு மழைக்காலம் பிடித்தது, இந்தச் சியாமளாவுக்கு முதல் வார்த்தையிலேயே அம்மா போய்விட்டதே! வீட்டில் என்னிடம் பேசுவதுபோல எடுத்த எடுப்பில் கேட்கிறார், என்ன சுவாதீனம். கொடைக்கானல் என்றதும் உருகிவிட்டாரோ, மலைநாட்டுப் பெண்பிள்ளைகள் என்றாலே இவருக்கு ஒரு இது. எனக்கு இப்போது சியாமளாமேல் கோபம் வருகிறது, அவள் நான்தான் என்பது தெரிந்தும் வருகிறது, முகத்தைப் பார்க்காமலே வந்த வேகத்தில் நடுவில் நின்று ஆடத் தொடங்கிவிட்டாளே. ஆமாம் ஐயா, கொடைக்கானல்தான், வீட்டுத் தோட்டத்தில் எடுத்தேன், என்று அடித்தேன். ஐயா! கட்டின புருஷனை ஐயா என்று கூப்பிட்டாயிற்று, இனி என்ன இருக்கிறது. எதன்மேல் என்பதற்குப் பதில் சொல்லவில்லை, விரல்மேல் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, இலைமேல் என்று பொய் சொல்லவும் முடியாது, அவருக்குத்தான் கண் இருக்கிறதே. அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கைபேசி டிங் என்றது.

“ஏட்டி,” என்று முன்னறையிலிருந்து குரல் வருகிறது. “ரொம்பக் குளிருதோ?”

என்ன என்கிறேன். இல்ல, தை மாசம்லா, அதான் கேட்டேன், என்கிறார். பத்து மணி வெயில் பின்வாசலில் கொளுத்துகிறது, குளிராம். நான் கிழங்கைச் சீவுகிறேன். என்றைக்கும் இல்லாமல் இன்று எதற்கு விசாரிப்பு, மனசில் கள்ளம் இருக்கிறவர்கள் வீட்டுக்காரியிடம் இப்படித் திடீரென்று கனிவாகத்தான் பேசுவார்கள், எதிர்வீட்டு அக்கா சொல்லியிருக்கிறாள். ஒரு கையில் கொடைக்கானல், ஒரு வாயில் எனக்குக் குளிருதோ. எனக்கு ஒன்றும் குளிரவில்லை, எரிகிறது. போகட்டும், மதுரைக்குப் போய்விட்டால் இவர் பாட்டைப் பார்த்துக்கொள்வார், காலையில் ஒரு சாருலதா, மத்தியானம் ஒரு சியாமளா. நான் அங்கே பச்சைப் பிள்ளைக்கு மருந்து உரைத்துக்கொண்டு இருப்பேன். இங்கே காபி யார் போடுவார்? போட்டுக்கொள்வார். போன வருஷம் கண் புரை அறுவைக்கு முன்னால் மருந்துத் துளியை நான்தான் விட்டேன், இமையை விரலால் விரித்துப் பிடித்து, அவர் அண்ணாந்து கிடந்தார், என் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. எனக்கு அப்போது ஒரு பயம் வந்தது. கட்டுப் பிரித்ததும் இந்தக் கண் முதலில் எதைப் பார்க்கும், என்னைப் பார்த்தால் என்ன சொல்லும், இவ்வளவு நரைத்துவிட்டாயா என்று கேட்டுவிடுமோ என்று. பிரித்ததும் நர்ஸின் மேஜையில் இருந்த நாட்காட்டியைத் தேதி சொல்லிப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, ஒரு நாள் இவருக்கு முன்னால் நான் இல்லாமல் போவேன், அப்போது என்னைப் பற்றி யாராவது கேட்டால் இவர் என்ன அடையாளம் சொல்வார்? அந்தக் குற்றாலத்துப் படத்தைக் காட்டுவார். அதில் ஈயின் பெயரைச் சொல்வார்.

திரை மறுபடி ஒளிர்கிறது. இந்த முறை பதில். விரல் தப்பான இடத்தைத் தொடுகிறது, நிதானமான கை எங்கே போனதோ. படிக்கிறேன். ‘இந்தப் படம் மலையில் எடுத்ததுபோலத் தெரியவில்லை. மஞ்சள் நிறம் ஈயினுடையது என்றும் சொல்ல முடியாது. ஈ தெளிவாக விழவில்லை, இனம் சொல்ல வழியில்லை. குடும்பம் உறுதி.’ முடிந்தது. நிதானமான கை இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, வந்த மூச்சு முடிவதற்குள் ரோஷமும் வந்துவிட்டது. ஏன், என் படத்துக்கு என்ன குறை, ஈ பறந்ததா, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேனே, குன்னூர்க்காரி எடுத்தால் நிதானம், நான் எடுத்தால் தெளிவாக விழவில்லையா? அப்படியானால் அவள் விசேஷம்தான், தெரிந்துபோயிற்று. செண்பகத்துக்குச் சொல்லிவிட வேண்டியதுதான், வருகிறேன் என்று, நாளைக்கே வருகிறேன் என்று. எண்ணைத் தேடுகிறேன், தேடிக்கொண்டே மறுபடி அந்தப் பதிலைப் படிக்கிறேன். ஏதோ ஒன்று இடிக்கிறது. ஈ தெளிவாக விழவில்லை. குடும்பம் உறுதி. ஈயே தெரியவில்லை என்றால் தலைக்குப் பின்னால் அந்த இரண்டு மயிர் எப்படித் தெரியும், மயிர் தெரியாமல் எந்தக் குடும்பம் என்று எப்படிச் சொல்வார்? சொல்லவும் இல்லை. எப்போதும் பெயரை எழுதிவிட்டுத்தான் உறுதி என்பார், குழுவில் அவர் போட்ட பதில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை, வயிற்றெரிச்சலில் படித்த படிப்பு, மறக்காது. இதில் பெயரே இல்லை. எந்தக் குடும்பம்? என் படத்தைத் திறந்து முதல்முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈ ஒரு மசங்கல். பின்னால் இருக்கிற விரல்தான் துல்லியமாக விழுந்திருக்கிறது, ரேகை, ரேகைக்குள் ஏறின மஞ்சள் சாறு, நகம், நகத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற தழும்புக் கோடு. வளையலை வெட்டினேன், தாம்பாளத்தை வெட்டினேன். அடுத்தவள் விரலுக்கு ஜாதகம் எழுதத் தெரிந்த எனக்கு என் விரல் ஒரு விரலாகவே படவில்லை.

முன்னறைக்குப் போனேன். மஞ்சள் சீவின கத்தி கையிலேயே இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை. அவர் நிமிரவில்லை. அவர் மடியில் இருந்த திரை முழுக்க என் நகம், அந்தக் கோடு நடுவில் வரும்படி நகர்த்தி வைத்திருந்தார். ஈ திரைக்கு வெளியே எங்கேயோ போயிருந்தது. நகத்தின் மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல இன்னும் பெரிதாக்கினார். நான் பின்னால் நிற்பது தெரிந்துதான் இருக்கும், இந்த நாற்காலிக்குப் பின்னால் யார் நின்றாலும் அவருக்குத் தெரியும்.

“ஈ மஞ்சளே இல்ல,” என்றார். “பொறந்து கொஞ்ச நேரந்தான் ஆயிருக்கும், நெறமே ஏறல. விரலு மஞ்சள் அதுல அடிச்சிருக்கு. ஈ விழவே இல்லட்டி, விரல்தான் விழுந்திருக்கு.”

இப்படிச் சமயத்தில் என் வாய் சண்டைக்குத்தான் போகும். குன்னூர் விரல் மாதிரி அழகா இருக்காது, பூச்செல்லாம் கிடையாது, என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியாத முகம் அது, அதில் நடிப்பு இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், நானும் இந்த முகத்தோடு இத்தனை காலம் இருந்திருக்கிறேன். எந்தக் குன்னூர் என்றார். சாருலதா என்றேன், அந்தப் பெயரை அவர் காதுபட நான் சொன்னது அதுதான் முதல்முறை.

“அந்தம்மா விரல நான் எங்கட்டி பாத்தேன்?” என்றார். “ஈயல்லா பாத்தேன்.”

ரோஜாப் பூச்சு, பச்சைக் கம்பளி, மோதிரமில்லாத விரல், ஒற்றைக் கோப்பை, நான் ராவும் பகலும் சேர்த்து வைத்த அத்தனையும் அந்த இரண்டு வார்த்தையில் போய்விட்டது, எனக்குக் கொஞ்சம் நஷ்டமாகக்கூட இருந்தது. சாருலதாவை அந்த மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். நிதானமான கை என்று அவர் எழுதியது மறந்துவிடாது, அதை இன்னொரு நாள் கேட்பேன், விடமாட்டேன். அடுப்படியில் என் கைபேசி அடிக்கத் தொடங்கியது. செண்பகமாகத்தான் இருக்கும், மத்தியானம்கூட ஆகவில்லை, அவளுக்குப் பொறுமை கிடையாது. நான் அசையவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவர் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுத் திரும்பவும் அந்த நகத்தைப் பார்க்கக் குனிந்தார்.

“மதுரைக்கு வேணும்னா அந்தச் சியாமளாவ அனுப்பு,” என்றார். “நீ இரு.”

அந்த என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அவளை ஆகாது.